எரியாத மின்குமிழுக்கு ‘எரிந்தது’ என்று எழுதுகிறார்கள், என்ன செய்வது?

வெண்கட்டி (செபராங் பிறை, பினாங்கு) கேட்கிறார்:

வணக்கம். பினாங்கு பெருநிலத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாக அறிவியல் போதிக்கிறேன். ஐந்தாம் ஆண்டில் 31 பேர். அறிவியல் அறை என்று ஒன்று இருக்கிறது. அதில் பாதியைப் பழைய மேசைகளும் விளையாட்டுப் போட்டிக் கொடிகளும் பிடித்துக்கொண்டன. மீதிப் பாதியில் ஒரு அலமாரி. அதற்குள் கண்ணாடி இல்லாத நுண்நோக்காடி ஒன்று, மூடி இல்லாத சாராய விளக்குகள், பதினொரு மின்குமிழ்த் தாங்கிகள்.

போன வாரம் தொடர் மின்சுற்று, இணை மின்சுற்றுப் பாடம். ஐந்து குழுக்களுக்கு மட்டும் பொருள் தேறியது. நான்கு குழுக்களில் ஆறு ஆறு பேர், ஒன்றில் ஏழு பேர். மின்கலங்களும் கம்பியும் என் கைக்காசு, 23 வெள்ளி (ரிங்கிட்). பொருளைப் பங்கிட்டு முடிக்கவே கால் மணி நேரம் போய்விட்டது. ஆறு பேர் இருக்கும் குழுவில் இருவர் கை மட்டும் வேலை செய்யும். மற்ற நால்வர் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். இது எல்லா ஆசிரியருக்கும் தெரிந்த கதை. நான் கேட்க வந்தது வேறு.

மூன்று குழுக்களுக்குக் குமிழ் எரிந்தது. ஒரு குழுவுக்கு மினுக்கி மினுக்கி அணைந்தது. ஐந்தாவது குழுவுக்குக் கடைசி வரை எரியவே இல்லை. அந்தக் குழுவில் ஒரு மாணவி கம்பியின் இரண்டு முனைகளையும் விரல் சிவக்கும் அளவுக்கு அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றாள். மணி அடித்துவிட்டது. மறுநாள் குறிப்பேடுகளைத் திருத்தினேன். 31 ஏட்டிலும் ஒரே வாக்கியம்: “மின்குமிழ் பிரகாசமாக எரிந்தது.” விரல் சிவக்கப் பிடித்தாளே, அவள் ஏட்டிலும் அதேதான். போதாததற்குக் குமிழைச் சுற்றி மஞ்சள் வண்ணப் பென்சிலால் கதிர்கள் வேறு வரைந்திருந்தாள்.

கூப்பிட்டுக் கேட்டேன். “எரிய வேண்டியதுதானே, டீச்சர்” என்றாள். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவள் முகத்தில் இல்லை. எனக்கு உதவி செய்துவிட்டது போன்ற முகம்.

தவறு என் பக்கமும் உண்டு. குமிழைத் தொடும் முன்பே கருதுகோள், தற்சார்பு மாறி (நாம் மாற்றுவது), சார்பு மாறி (அதனால் மாறுவது) எல்லாவற்றையும் வெண்பலகையில் எழுதிப்போட்டது நான்தான். விடையைக் கொடுத்துவிட்டு உற்றறியச் சொன்னால் பிள்ளை எதைப் பார்க்கும்? யூபிஎஸ்ஆர் என்ற ஆறாம் ஆண்டு அரசாங்கத் தேர்வு 2021இல் போய்விட்டது. எங்கள் கையிலிருந்து போகவில்லை.

என் கேள்வி இதுதான். குறைந்த செலவில், ஒரு மணி நேரத்துக்குள், 31 பேர் கையும் படும்படி எதைச் செய்ய முடியும்? செய்தால், கண்டதைக் கண்டபடி எழுத எப்படிப் பழக்குவது? காணொளி போடுங்கள் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். போடுகிறேன். காணொளியில் குமிழ் எப்போதும் எரிகிறது.

கூடத்து அக்கா (கோலாலம்பூர்):

டீச்சர், முதலில் அந்த ஐந்தாவது குழுவைக் காப்பாற்றுவோம். நான் இங்கே ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளர். எரியாத குமிழ்களோடுதான் பிழைப்பு. பெரும்பாலும் குமிழ் கெட்டிருக்காது. தாங்கியின் அடியில் உள்ள தகடும் வில்லும் துருப்பிடித்திருக்கும். உங்கள் ஊர்க் கடற்காற்றுக்குக் கேட்கவா வேண்டும்? உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டு நான்கு திருப்புத் திருப்புங்கள். பழைய மோட்டாரிலிருந்து உருவிய செப்புக்கம்பியாக இருந்தால் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத மெருகுப்பூச்சு இருக்கும். செம்பு பளபளக்கிறதே என்று பிள்ளை நினைக்கும், மின்சாரம் போகாது. முனையை அரை அங்குலம் சுரண்டிக் கொடுக்க வேண்டும். பிறகு குமிழின் கழுத்துத் தகட்டில் பொறித்த எண்ணைப் பாருங்கள். 6 வோல்ட் குமிழை ஒற்றை 1.5 வோல்ட் மின்கலத்தில் மாட்டினால் அது சரியாக எரியாது. எரிகிறதா என்று கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

எலுமிச்சை, பெலிம்பிங் பூலோ என்னும் புளிப்புக் காய் வைத்து மின்கலம் செய்யும் ஆசை எல்லாருக்கும் வரும். துத்தநாகம் பூசிய ஆணி ஒன்றும் செப்புக்கம்பி ஒன்றும் குத்தினால் ஒரு பழத்துக்கு ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். அதில் டார்ச் குமிழை மாட்டி, எரியவில்லை என்று பழத்தைத் திட்டுவார்கள். மின்னழுத்தம் இருந்தாலும் மின்னோட்டம் மிகச் சிறியது. அந்தக் குமிழ் என்றைக்கும் எரியாது. சிவப்பு எல்இடி வாங்குங்கள். அதற்கு ஏறக்குறைய 2 வோல்ட் வேண்டும், அதனால் மூன்று நான்கு பழங்களைத் தொடராக இணைக்க வேண்டும். நீண்ட கால் நேர்முனை. மங்கலாகத்தான் எரியும், சன்னலை மூடினால் தெரியும். பொத்தான் மின்கலம் மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போய், தம்பி தங்கை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

துருப்பிடித்தல் பாடத்துக்கு ஒரு சின்ன வித்தை. ஈரமில்லாத காற்று வேண்டுமென்று கால்சியம் குளோரைடு கேட்பார்கள், பள்ளியில் இருக்காது. துணி அலமாரியில் ஈரம் உறிஞ்ச வைக்கும் நெகிழிப் பெட்டியை இரண்டு வெள்ளிக் கடையில் வாங்கிப் பிரித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் வெள்ளை மணிகள் பெரும்பாலும் அதேதான். பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும். வெறுங்கையால் தொடக் கூடாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னால் முடிந்தது: சங்குப்பூ. பினாங்கில் இருந்துகொண்டு லிட்மஸ் தாள் இல்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமையே இல்லை. நீல நிறப் பலகாரம் செய்கிறவர்கள் வீட்டு வேலியெல்லாம் அதுதான். ஒரு கைப்பிடிப் பூவை வெந்நீரில் போட்டால் நீலச் சாறு. எலுமிச்சைச் சாறு பட்டால் ஊதா, இன்னும் விட்டால் இளஞ்சிவப்பு. சமையல் சோடா பட்டால் பச்சை. கைக்கு ஒரு குவளை கொடுக்க முடியும், 31 பேருக்கும். ஆனால் எல்லாருக்கும் ஒரே திரவத்தைக் கொடுக்காதீர்கள். புளித்தண்ணீர், சோப்புத் தண்ணீர், வெறும் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் என்று பெயர் ஒட்டாமல் எண் மட்டும் போட்டுக் கொடுங்கள். பக்கத்து ஏட்டைப் பார்த்து எழுதினால் மாட்டிக்கொள்வார்கள். பாடநூலைப் பார்த்து எழுதவும் வழியில்லை.

இரவு வேலைக்காரன் (பாயான் லெப்பாஸ், பினாங்குத் தீவு):

எல்லாரும் நல்லதாகத்தான் சொல்கிறீர்கள். எனக்கு ஒன்று உறுத்துகிறது. ஏன் நம் பிள்ளைகளுக்கு மட்டும் பழைய டப்பாவும் துருப்பிடித்த வில்லும்? 1972இலிருந்து இந்தத் தீவில் தொழிற்பேட்டை இயங்குகிறது. நாங்கள் நாள் முழுவதும் சில்லுகளைச் சோதித்து அனுப்புகிறோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் பிள்ளைகள் ஒரு குமிழை ஏழு பேராகப் பார்க்கிறார்கள். டீச்சர் கைக்காசு 23 வெள்ளி போட்டது பெரிய மனது. ஆனால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. கணக்கில் ஏறாததை அடுத்த ஆண்டு யாரும் தரமாட்டார்கள். எத்தனை தாங்கி வேலை செய்கிறது, எத்தனை செய்யவில்லை என்று எண்ணோடு எழுதித் தலைமையாசிரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமும் கொடுங்கள். கூட்டக் குறிப்பில் ஏறட்டும். பெற்றோர் நாங்கள் கேட்கிறோம்.

எழுதும் பழக்கம் பற்றி, எங்கள் இடத்து வழக்கம் ஒன்று சொல்கிறேன். சோதனையில் ஒரு மின்சுற்றுப் பலகை தேறவில்லை என்றால் ஒரு சீட்டு எழுத வேண்டும். முதல் வரியில் என்ன கண்டோம், எந்தப் படியில் கண்டோம் என்பது மட்டும். காரணம் எழுதக் கூடாது. காரணத்துக்குக் கீழே தனிக் கட்டம் இருக்கிறது, பெரும்பாலும் அதை வேறொருவர் நிரப்புவார். பலகை தேறாமல் போனால் யாரும் திட்டமாட்டார்கள். தேறாத பலகைக்குத் ‘தேறியது’ என்று எழுதினால் வேலை போய்விடும்.

வெண்கட்டி:

அக்கா, உப்புத்தாள் வைத்தியம் பலித்தது. நான்கு தாங்கிகள் உயிர் பெற்றன. சங்குப்பூவுக்கு வெள்ளிக்கிழமை ஒரு மாணவனின் பாட்டி ஒரு பை நிறைய அனுப்பினார்; ஒரு குழு குவளையில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு, “சாம்பல் நிறம், கெட்ட வாடை” என்று எழுதியது. அந்த வாக்கியத்துக்கு இரண்டு முறை சரி போட்டேன்.

அண்ணா, நீங்கள் சொன்னபடி பட்டியல் எழுத உட்கார்ந்தேன். அதற்கு இருப்புப் பதிவேட்டை எடுத்தேன். மின்குமிழ்த் தாங்கி, பதினொன்று, ‘நல்ல நிலை’ என்று இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது. கையெழுத்து என்னுடையது.

குறை எழுதினால் விளக்கம் கேட்பார்கள், படிவம் நிரப்ப வேண்டும், அதற்குப் பயந்து எழுதியது. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டேனே, அதை நினைத்துச் சிறிது நேரம் அலமாரி முன்னாலேயே நின்றேன். பிறகு திருத்தினேன்: ஏழு நல்ல நிலை, நான்கு பழுது நீக்கப்பட்டவை. கேட்க வேண்டியவற்றின் பட்டியல் தனியாகப் போயிருக்கிறது.

ஒன்றே ஒன்று, அண்ணா. சங்குப்பூவைப் பழைய டப்பாவோடு சேர்க்காதீர்கள். எட்டுச் செட் புதிய தாங்கிகள் வந்தாலும் அந்தப் பாடத்துக்கு நான் பூவைத்தான் எடுப்பேன்.

ஓய்வு வாத்தியார் (பட்டர்வொர்த்):

வணக்கம் அம்மா. தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். கண் அறுவை முடிந்து இப்போதுதான் திரையைப் பார்க்க விடுகிறார்கள்.

நான் நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் வேலையைத் தொடங்கியவன். அங்கே அலமாரியே கிடையாது, ஆகவே துருப்பிடிக்க ஒன்றுமில்லை. திடல் இருந்தது, வெயில் இருந்தது. திடலில் ஒரு கம்பு நட்டேன். இதைவிட மலிவான கருவி இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அந்தக் கம்புதான் என் பதில்.

பிள்ளைகளைக் கேளுங்கள், நிழல் எப்போது மிகக் குறுகும்? பயிற்சி நூல்களைப் படித்த பிள்ளை ‘நண்பகல் 12 மணி’ என்று ஒரே குரலில் சொல்லும். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே அழைத்துப் போங்கள். பினாங்கில் 12 மணிக்கு நிழல் குறுகாது. செப்டம்பர் 8, 9 தேதிகளில் நம் மாநிலத்துக்குச் சூரியன் நேர் உச்சியில் வரும். ஏப்ரல் 3, 4 வாக்கிலும் வரும். அன்றுகூட 12 மணிக்கு ஒரு மீட்டர் கம்புக்கு 34 சென்டிமீட்டர் நிழல் கிடக்கும், ஓர் அடிக்கு மேலே. நிழல் கம்பின் காலுக்குள் ஒளிந்துகொள்வது பகல் 1.16க்கு.

காரணம் கடிகாரத்தில் இருக்கிறது. நம் நேரம் சுலாவேசித் தீவு வழியே போகும் 120 பாகைக் கோட்டைப் பார்த்து வைத்த நேரம். பினாங்கு ஏறக்குறைய 100 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். இருபது பாகைக்கு எண்பது நிமிடம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை போடும் கணக்குதான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இது இன்னும் அரை மணி முன்னால் இருந்தது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்கே 1982 பிறந்துவிட்டது, கிழக்கு மலேசியாவோடு நேரத்தை ஒன்றாக்கினார்கள். அந்த அரை மணி நேரத்தை எனக்கு இன்னும் யாரும் திருப்பித் தரவில்லை. ஜனவரியில் பள்ளி திறந்ததும் என் பழைய நிழல் அட்டவணை முழுதும் அரை மணி தள்ளிப்போயிருந்தது. கடிகாரத்தைத்தான் நகர்த்தினார்கள், சூரியனை நகர்த்தவில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல வாய்ப்பாகப் போயிற்று.

இதில் என்ன நன்மை என்றால், நூலில் இருப்பது ஒன்று, கண்ணில் படுவது ஒன்று. 12 மணிக்கு நிழல் இல்லை என்று எழுதுகிற பிள்ளை அங்கேயே நிழலை மிதித்துக்கொண்டு நிற்கும். பக்கத்தில் இருப்பவன் சிரித்துவிடுவான், நீங்கள் திருத்தத் தேவையில்லை.

கம்பு செங்குத்தாக நிற்க வேண்டும். மைலோ டின்னில் மணலை இறுக்கி அதில் ஊன்றுங்கள். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டுச் சரி பாருங்கள். சூரியனை நிமிர்ந்து பார்க்க எவனையும் விடாதீர்கள். குனிந்து தரையைப் பார்க்கிற ஆராய்வு இது. காலை 10.15க்கு ஒரு முறை அளந்துவிடுங்கள், நிழலும் கம்பும் ஒரே நீளமாக இருக்கும், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். உச்சி நேரம் நெருங்க நெருங்க நான்கு நிமிடத்துக்கு ஓர் அளவு. அந்த நான்கு நிமிடத்தில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் நகரும். விரல் வைத்தால் கண்முன்னே விரலைத் தாண்டும்.

கோலாலம்பூரில் இருக்கும் கூடத்து அக்காவும் 8ஆம் தேதி ஒரு மீட்டர் கம்பு நட்டால் எனக்கு மகிழ்ச்சி. அங்கே 1.11க்குத்தான் மிகக் குறுகும். ஆனால் மறையாது. தெற்குப் பக்கம் 4 சென்டிமீட்டர் அளவுக்கு மிச்சம் இருக்கும். ஒரே நாட்டில் ஒரே நாளில் இங்கே இல்லாத நிழல் அங்கே ஏன் இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள் அம்மா. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எரட்டோஸ்தெனிஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தில் இதே கேள்வியை வைத்துத்தான் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார்.

கூடத்து அக்கா:

ஐயா, செய்தாயிற்று. இன்று பகல் 1.11, வாகன நிறுத்துமிடத்தில், துடைப்பக் கம்பு. 4.3 சென்டிமீட்டர், தெற்கே. மாணவர்கள் யாரும் இல்லை, நானும் காவலாளியும் மட்டும். அவர் நேபாளத்துக்காரர். தன் ஊரில் எந்த நாளிலும் நிழல் முழுதாக மறையாது என்று சத்தியம் செய்கிறார். உலகப்படத்தை எடுத்துப் பார்த்தேன், அவர் சொல்வது சரி; கடக ரேகைக்கு வடக்கே அல்லவா இருக்கிறார்கள்.

வெண்கட்டி:

8ஆம் தேதி நடந்ததை எழுதுகிறேன். தலைமையாசிரியர் அனுமதி தந்தார். தொப்பி கட்டாயம் என்று பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் முந்தைய இரவே போட்டுவிட்டேன். எட்டு டின், எட்டுக் கம்பு. குழுவுக்கு நான்கு பேர், ஒன்றில் மட்டும் மூவர். ஒருவர் நட்டுக் கட்டிய நூலைப் பார்ப்பது, ஒருவர் நேரம் சொல்வது, ஒருவர் அளப்பது, ஒருவர் எழுதுவது. ஒவ்வோர் அளவுக்கும் வேலை மாறும். வெண்பலகையில் நான் எதுவுமே எழுதவில்லை. கை பரபரத்தது, எழுதவில்லை.

10.15க்கு நிழலும் கம்பும் சமம். ஆரவாரம். 12 மணிக்கு 33, 34, 36, 34… ஒரு குழு மட்டும் ‘0’ என்று எழுதியது. பக்கத்துக் குழுவினர் சிரித்த சிரிப்பில் அழிப்பான் தேய்ந்தது. ஐயா சொன்னது போலவே நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.

12.40க்கு மேகம் வந்தது. இந்த மாதத்தில் பினாங்கில் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். 1.16க்கு 31 பேரும் எட்டுக் கம்புகளைச் சுற்றிக் குனிந்து நின்றோம். திடலில் யாருக்கும் நிழல் இல்லை. வெளியே வேன்காரர் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார். எனக்கு அழுகையே வந்தது. மாலையில் ஏடுகளைத் திருத்தினேன். மஞ்சள் கதிர் வரைந்தாளே, அவள் எழுதியிருந்தது: “1.16: நிழல் இல்லை. மேகம் இருந்ததால். கம்புக்கு மட்டுமல்ல, டீச்சருக்கும் இல்லை.”

மறுநாள் அடுத்த பாட ஆசிரியரிடம் இருபது நிமிடம் கடன் வாங்கி மறுபடியும் போனோம். வெயில் சுள்ளென்று அடித்தது. 1.16க்கு ஏழு கம்புகளின் நிழல் காலடிக்குள் போய்விட்டது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் சிற்றுண்டிச் சாலை அம்மா வெளியே ஓடி வந்தார். எட்டாவது கம்புக்கு மட்டும் ஒன்றரை சென்டிமீட்டர் நிழல் பிடிவாதமாக நின்றது. அவளுடைய குழுதான். தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது, டின்னில் மணல் இளகிக் கம்பு சற்றுச் சாய்ந்திருந்தது. நிமிர்த்திவிடலாம் என்று கையை நீட்டினேன். அவள் என் கையைத் தடுத்தாள்.

“இருங்கள் டீச்சர், முதலில் எழுதிக்கொள்கிறேன்.”